கேக்குக்கும் ஓய்வுகால நிதிக்கும் ஒரே டிக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வேலை தேடும் பிள்ளைகளுக்காக வந்த கட்டுரையைப் படித்தேன். சம்பளத்தை மட்டும் பார்த்து வேலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், சலுகைகளையும் சேர்த்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல பேச்சுதான். கீழே கட்டம் கட்டிப் போட்டிருந்த பட்டியல்தான் எனக்கு இடித்தது. இலவச மதியச் சாப்பாடு, டேபிள் டென்னிஸ், உடற்பயிற்சிக் கூடம், மருத்துவக் காப்பீடு, பிறந்தநாள் கேக், ஓய்வுகால நிதி. எல்லாம் ஒரே வரிசையில், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே அளவில் ஒரு பச்சை டிக். கேக்குக்கும் ஓய்வுகால நிதிக்கும் ஒரே டிக்கா?

நான் முப்பத்தொரு ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்தவள். அதில் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஃபைனல் செட்டில்மென்ட் மேசை. வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்கை முடித்துக் கொடுப்பது என் வேலை. ராஜினாமா செய்தவர், ஓய்வு பெற்றவர், வெளியே அனுப்பப்பட்டவர், சில நேரம் இறந்துபோனவரின் வீட்டார். வேலைக்குச் சேருகிற நாளில் எல்லாரும் எச்.ஆர். அறைக்குத்தான் போவார்கள்; அங்கே பூங்கொத்து, பை, பெயர் போட்ட தண்ணீர் பாட்டில் எல்லாம் கிடைக்கும். கடைசி நாளில் என்னிடம் வருவார்கள். எனவே நான் பார்த்த சலுகைகள் வேறு, உங்கள் கட்டுரையாளர் பார்த்த சலுகைகள் வேறு.

அந்த மேசைக்கு வருகிறவர் கையில் ஒரு படிவம் இருக்கும். நூலகம், ஐ.டி., ஸ்டோர்ஸ், பாதுகாப்பு என்று ஏழெட்டு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருப்பார். அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுப்பார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்பார். மீதி இருக்கிற விடுப்புக்குக் காசு வருமா? நிதியில் கம்பெனி போட்ட பங்கு எனக்கு உண்டா? இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை செல்லும்? நோட்டீஸ் பீரியடில் எத்தனை நாள் பிடிப்பீர்கள்? இந்த நான்கைத்தான் பன்னிரண்டு ஆண்டுகளும் கேட்டேன். காபி மெஷினைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

இதில் வருத்தமான சங்கதி என்னவென்றால், இந்த நான்கு கேள்வியையும் சேருவதற்கு முன்பே கேட்டிருக்கலாம். பதில் அதேதான் இருந்திருக்கும். ஆனால் அப்போது வேறு இடம் போகலாமா என்று யோசிக்கும் வசதி கையில் இருந்தது.

இப்போது இதை எழுத ஒரு காரணம் உண்டு. என் மகளிடம் இரண்டு ஆஃபர் லெட்டர்கள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் பட்டியலைக் கத்தரித்து வைத்துக்கொண்டு இரண்டுக்கும் டிக் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் கம்பெனிக்கு மூன்று டிக், இரண்டாவதுக்கு ஆறு. ‘அம்மா, சம்பளமும் கூட, சலுகையும் கூட. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?’ என்றாள். பென்சிலைக் கொடு என்றேன்.

தொகையை வெளியே சொல்லக் கூடாது என்பது அவள் உத்தரவு. அதனால் முதல் கம்பெனி தருவதை 100 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது 125. கால் பங்கு கூடுதல். சின்னத் தொகை இல்லை.

முதல் இடத்தில் வாரம் 40 மணி நேரம். அங்கே வேலை பார்க்கும் அவளுடைய சிநேகிதியிடம் கேட்டோம். உண்மையிலேயே 40தான், மாதக் கடைசியில் மட்டும் கொஞ்சம் இழுக்கும் என்றாள். வீட்டிலிருந்து போக அரை மணி, வர அரை மணி. வாரத்துக்கு 5 மணி. ஆக 45. இரண்டாவது இடத்திலும் காகிதத்தில் 40தான். ஆனால் அங்கே இருப்பவர்கள் நாளுக்குப் பத்து மணி நேரம் என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். 50. போக ஒன்றே கால் மணி, வர ஒன்றே கால் மணி, வாரத்துக்குப் பன்னிரண்டரை. ஆக 62.5. இப்போது வகுத்துப் பாருங்கள். 100-ஐ 45 ஆல் வகுத்தால் 2.22. 125-ஐ 62.5 ஆல் வகுத்தால் 2. கால் பங்கு கூடுதல் என்று நினைத்த சம்பளம், அந்த வேலைக்காகச் செலவாகும் ஒரு மணி நேரத்துக்குப் பத்து சதவீதம் குறைந்த சம்பளம்.

மகள் கால்குலேட்டரை வாங்கித் தானே போட்டுப் பார்த்தாள். அதே விடைதான். ‘ரயிலில் போகிற நேரத்தையும் வேலை நேரத்தோடு சேர்ப்பாயா?’ என்றாள். வேறு எதில் சேர்ப்பது? அந்த நேரத்தில் அவள் தூங்கவும் முடியாது, வீட்டிலும் இருக்க முடியாது. நெடுந்தூரம் போய்வருகிறவர்கள் அதற்கு ஈடான சம்பளமோ வசதியோ கிடைத்துவிட்டதாக நினைத்துத்தான் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் பயண நேரம் கூடக்கூட மனநிறைவு குறைகிறது, அந்த ஈடு சரிவரக் கிடைப்பதில்லை என்று புரூனோ ஃபிரை, அலாய்ஸ் ஸ்டுட்சர் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் ஜெர்மனியின் குடும்பங்களிடம் ஆண்டுக்கணக்கில் எடுத்த தகவல்களை வைத்து எழுதியிருக்கிறார்கள்.

அந்த 50 மணி நேரம் இன்னும் கொஞ்சம் நீண்டால் அது சம்பளக் கணக்கில் அடங்காது. உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் அடைப்பு நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்பது அதன் முடிவு. இந்தக் காரணத்தால் 2016-ல் மட்டும் உலக அளவில் சுமார் 7,45,000 பேர் இறந்ததாகவும் கணக்கிட்டார்கள். கம்பெனி தரும் மருத்துவக் காப்பீட்டுக்கு டிக் போடும்போது அந்தக் காப்பீட்டை எதற்காகப் பயன்படுத்தப்போகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சரி, இதைப் படித்துவிட்டு ‘இந்த அம்மா சம்பளம் முக்கியமில்லை என்கிறார்’ என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். முப்பத்தொரு ஆண்டுகள் சம்பளப் பட்டியல் போட்டவள் அப்படிச் சொல்ல மாட்டாள். காசு காசுதான். சாப்பாடு போடுகிறேன், தங்க இடம் தருகிறேன், டோக்கன் தருகிறேன், அதை எங்கள் கடையிலேயே மாற்றிக்கொள் என்று சொல்லிச் சம்பளத்தைப் பொருளாகக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. முதலாளி கடையில் முதலாளி வைத்ததே விலை. பிரிட்டனில் 1831-ல் ‘டிரக் சட்டம்’ என்று ஒன்று போட்டு (இந்த ‘டிரக்’ லாரி இல்லை, கூலிக்குப் பதில் பொருள் கொடுப்பது), பல தொழில்களில் கூலியை நாணயமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு ஒப்பந்தமும் அதைத்தான் சொல்கிறது: பொருளாகக் கொடுப்பது ஒரு பகுதியாக மட்டும் இருக்கலாம், அதற்கும் நியாயமான மதிப்புப் போட வேண்டும், தன் சம்பளத்தைத் தன் இஷ்டப்படி செலவு செய்யும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் தலைமைக் கணக்கர் இதைச் சொல்லித்தான் பாடம் ஆரம்பித்தார். ‘கையில் கொடுத்தால் அவன் இஷ்டம். தட்டில் போட்டால் நம் இஷ்டம்.’ அவருக்குப் படிப்பு அதிகமில்லை. ஆனால் இன்றைக்கு இலவச மதியச் சாப்பாட்டைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அவர் குரல்தான் கேட்கிறது.

சம்பளத்துக்கு இன்னொரு குணம் உண்டு, சலுகைக்குக் கிடையாது. அது வளரும். இன்கிரிமென்ட் பெரும்பாலும் சதவீதத்தில்தான் வருகிறது. இன்று ஒருவருக்கு 100, இன்னொருவருக்கு 110. இரண்டு பேருக்கும் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்றால், பத்து ஆண்டு கழித்து அந்த 10 வித்தியாசம் கிட்டத்தட்ட 18 ஆகியிருக்கும். உடற்பயிற்சிக் கூடம் பத்து ஆண்டு கழித்தும் அதே கூடம்தான், மெஷின் மட்டும் பழசாகியிருக்கும். அதனால் மற்றதெல்லாம் சமம் என்றால் காசு கூடக் கொடுக்கிற இடத்துக்குப் போங்கள் என்றுதான் நானும் சொல்வேன். என் அக்கா மகனுக்குப் படிப்புக் கடன் இருந்தது. வயது இருபத்து மூன்று, உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுவலகத்துக்குப் பத்து நிமிடத்தில் அறை எடுத்துக்கொண்டான். சலுகையே இல்லாத இடம், சம்பளம் மட்டும் அதிகம். எடுத்துக்கொள்டா என்றேன். இரண்டே ஆண்டில் கடனை அடைத்துவிட்டு வெளியே வந்துவிட்டான். அவனுக்கு அது சரி.

மற்றதெல்லாம் சமமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு லெட்டரின் முதல் பக்கம் உதவாது, பின்னிணைப்புத் தாளைப் பார்க்க வேண்டும்.

மகளின் இரண்டாவது லெட்டரில் அந்தத் தாள் மூன்றாம் பக்கம். 125-ல் 20 ‘மாறு ஊதியம்’. கம்பெனியின் லாபமும் அவளுடைய மதிப்பீடும் ஒத்துவந்தால் ஆண்டு முடிவில் கிடைக்கும். ஒத்துவராவிட்டால் பாதி, அல்லது ஒன்றுமில்லை. பாதி கிடைக்கிறது என்று வைத்தால் 125 என்பது 115 ஆகிவிடும். முதல் கம்பெனியில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. அடுத்தது பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம். முதல் கம்பெனியில் 100-ல் பேசிக் 50. இரண்டாவதில் 125-ல் பேசிக் 35. மீதியெல்லாம் பெயர் பெயராகப் படிகள். ஓய்வுகால நிதிக்கு இரண்டு கம்பெனியும் பேசிக்கில் பத்து சதவீதம் போடுகின்றன. அப்படியானால் முதல் இடத்தில் 5, இரண்டாவது இடத்தில் 3.5. சம்பளம் கூட, நிதி குறைவு! விடுப்புக்குக் காசு, பணிக்கொடை இவற்றைப் பேசிக்கை வைத்துக் கணக்கிடும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. உங்கள் பட்டியலில் இரண்டுக்கும் ‘ஓய்வுகால நிதி’ என்ற இடத்தில் ஒரே டிக்தான் விழுந்திருந்தது.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். கம்பெனி எடுக்கும் குழுக் காப்பீட்டின் உண்மையான மதிப்பு அதன் தொகையில் மட்டும் இல்லை. தனியாகப் போய் பாலிசி எடுத்தால் சர்க்கரை இருக்கிறதா, ரத்த அழுத்தம் இருக்கிறதா என்று ஆயிரம் கேள்வி. வயதானவர் என்றால் பிரீமியம் ஏறும், சில நோய்களுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கச் சொல்வார்கள். குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் அந்தச் சோதனை இல்லாமலே சேர்த்துக்கொள்கிறார்கள். எனவே வீட்டில் நோயாளி இருப்பவருக்கு அது சம்பள உயர்வைவிடப் பெரியது. ஆரோக்கியமான தனி ஆளுக்கு அவ்வளவு பெரியதில்லை. ஆனால் அப்பா அம்மாவைச் சேர்க்கலாமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மகளின் இரண்டு லெட்டரிலும் ‘குடும்பம்’ என்று இருந்தது. குடும்பம் என்றால் யார் என்று எழுதவில்லை.

இன்னொன்று, அது கதவு வரைக்கும்தான் கூட வரும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் வேறு நல்ல வேலை கிடைத்துப் போனார். சந்தோஷமாகப் போனார், என் மேசையிலேயே எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார். இங்கே முடித்து அங்கே சேருவதற்குப் பதினோரு நாள் இடைவெளி. குடும்பத்தோடு எங்காவது போய்வரலாம் என்று அவரே கேட்டு வாங்கிய இடைவெளி. ஆறாவது நாள் அவர் பெண்ணுக்குக் குடல்வால் அறுவை. பழைய காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிட்டது, புதியது சேர்ந்த நாளிலிருந்துதான் ஆரம்பம். என்னிடம் போன் செய்து ‘மேடம், அந்தத் தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா?’ என்று கேட்டார். கணினியில் தேதி ஏறிய பிறகு என்னால் என்ன செய்ய முடியும்? முடியாது என்று சொல்லிவிட்டேன். இனிப்பு கொடுத்தவரிடம் அப்படிச் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

ஆயுள் காப்பீடும் அப்படித்தான், எழுதிக் கொடுத்த வரைக்கும்தான். ஸ்டோர்ஸில் பத்தொன்பது ஆண்டு இருந்த ஒருவர் திடீரென்று இறந்துபோனார். ஆண்டுச் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு குடும்பத்துக்குக் கிடைக்கும் பாலிசி. அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு வந்தார். நான் பழைய கோப்பை எடுத்துத் திறந்தேன். நாமினி, அதாவது பணம் யாரிடம் போக வேண்டும் என்று எழுதும் கட்டத்தில், நீல மையில் இறந்தவருடைய அம்மாவின் பெயர். சேர்ந்த அன்று, கல்யாணத்துக்கு முன்பு எழுதியது. அந்த அம்மா இறந்தே பல ஆண்டு ஆகிவிட்டது. கோப்பை அவர் பக்கம் திருப்பிக் காட்டுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. பணம் வந்தது. ஆனால் வாரிசுச் சான்று, கோர்ட்டு, கையெழுத்து என்று பதினான்கு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு என் மேசைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், போகிற இடத்தில் நாமினி படிவத்தை ஒழுங்காக நிரப்புங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதிப் பேர் கிழவி ஏதோ சொல்கிறாள் என்பதுபோலத்தான் பார்த்தார்கள்.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உபதேசம் மாதிரி ஆகிவிடும். என் முதல் கம்பெனியின் பெயர் வேண்டாம். அங்கே ஓய்வுகால நிதியில் கம்பெனி போடும் பங்கு ஐந்து ஆண்டு முடித்தவர்களுக்குத்தான் சொந்தம். அதற்கு முன்பு போனால் நாம் போட்டது மட்டும் கிடைக்கும். நான்காண்டு எட்டு மாதத்தில் எனக்கு வேறு இடத்தில் 18 சதவீதம் கூடுதலாகத் தருகிறேன் என்றார்கள். துள்ளிக்கொண்டு போனேன். இன்னும் நான்கு மாதம் இருந்திருந்தால், அல்லது நான்கு மாதம் கழித்துச் சேருகிறேன் என்று கேட்டிருந்தால், கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுக்கான கம்பெனிப் பங்கும் வந்திருக்கும். புதிய இடத்தில் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்களோ என்னவோ. நான் கேட்கவே இல்லை. கணக்குப் பிரிவில் உட்கார்ந்து ஊரார் சர்வீஸை எல்லாம் தேதி வாரியாக எண்ணியவள், என்னுடையதை எண்ணவில்லை. கடைசி நாளில் கையில் வந்த தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பணத்தை முதுமை வரை போட்டு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருமுறை கணக்குப் போட்டேன். பிறகு போடவில்லை.

கம்பெனியின் ஷேர்களாகக் கொடுக்கும் சம்பளத்துக்கும் இதே விதிதான். நான்கு ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாகும், முதல் ஆண்டு முடியும் முன் போனால் ஒன்றுமில்லை என்பது புதிய நிறுவனங்களில் பரவலான ஏற்பாடு. சொந்தமானாலும் அது அந்தக் கம்பெனியின் காகிதம். அமெரிக்காவில் என்ரான் என்ற எரிசக்தி கம்பெனி 2001-ல் திவாலானபோது, அதன் ஊழியர்களின் ஓய்வுகாலச் சேமிப்பில் பெரும் பகுதி அதே கம்பெனியின் ஷேராக இருந்தது. வேலையும் சேமிப்பும் ஒரே நேரத்தில் போயின.

விடுப்பு: முதல் கம்பெனியில் ஆண்டுக்கு 24 நாள், இரண்டாவதில் 12. வித்தியாசம் 12 நாள். ஆண்டில் சுமார் 260 வேலை நாள் என்றால் அது ஏறக்குறைய நாலரை சதவீதம். நாலரை சதவீதச் சம்பளத்தை ஓய்வாகக் கொடுக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தம் சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு மூன்று வேலை வாரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. எல்லா நாடும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். வாரம் ஐந்து நாள் வேலை என்றால் அது 15 நாள்; 12 அதற்கும் கீழே. இப்போது ‘வரம்பில்லா விடுப்பு’ என்று ஒன்று வந்திருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று ஆண்டு முன்பு எங்கள் அலுவலகத்திலும் ஒரு பிரிவுக்கு அதைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பிரிவிலிருந்து விலகி வந்தவர்களின் தாளில் ‘சேர்ந்த விடுப்பு’ என்ற கட்டத்தில் கோடு மட்டும் இருக்கும். எண்ணிக்கையே இல்லாதபோது மீதி எங்கிருந்து வரும்? எடுத்த நாட்களும் குறைந்துதான் போயிருந்தன. 24 நாள் உரிமையாக இருந்தபோது எடுத்தவர்கள், வரம்பு போனதும் யாரும் எடுக்கவில்லையே, நான் எப்படி எடுப்பது என்று தயங்கினார்கள்.

அப்புறம் அந்த ஆறு டிக்குக்கு வெளியே, இரண்டாவது லெட்டரில் இன்னும் இரண்டு சலுகைகள் இருந்தன. இரவு எட்டரைக்கு மேல் இலவசச் சாப்பாடு. ஒன்பதுக்கு மேல் வீடு வரை கார். மகள் அதைக் காட்டி, ‘பாதுகாப்புதானே அம்மா, உனக்கும் நிம்மதி’ என்றாள். பாதுகாப்பு வேண்டியதுதான். ஆனால் ஒன்பதுக்கு மேல் கார் என்பது சலுகை இல்லை, நேர அட்டவணை. ஏழு மணிக்குக் கிளம்புகிறவளுக்கு ஏன் கார் இல்லை?

இவ்வளவையும் கேட்டுவிட்டு மகள் ஒன்று சொன்னாள். ‘நீ கடைசி நாளை மட்டும் பார்த்தே பழகிவிட்டாய். நான் அங்கே தினமும் போக வேண்டும். டேபிள் டென்னிஸ் ஆடுகிற இடம் என்றால் பேசிப் பழகுகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். நேர்காணலில் முதல் கம்பெனிக்காரர் என் முகத்தையே பார்க்கவில்லை. இரண்டாவது இடத்தில் என் மேலாளராக வரப்போகிறவர் நான் செய்த வேலையைப் பிரித்துப் பிரித்துக் கேட்டார். அவரிடம் இரண்டு ஆண்டு இருந்தால் நான் கற்றுக்கொள்வேன். அதற்கு உன் பென்சிலில் எண் இருக்கிறதா?’

இல்லை. அதை அவளிடம் ஒத்துக்கொண்டேன். என் மேசைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் காசுக்காகப் போகவில்லை, மேலே இருந்த ஆளைத் தாங்க முடியாமல்தான் போனார்கள் என்பதும் எனக்குத் தெரியும். படிவத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதுவார்கள். கற்றுக்கொள்வதும் கதவைத் தாண்டிக் கூட வருகிற ஒன்றுதான். நிதியைவிடக்கூட அது பத்திரமாக வரும். அதை நான் மறந்துதான் போயிருந்தேன்.

கடைசியில் இரண்டு பேரும் உட்கார்ந்து இரண்டாவது கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினோம். மாறு ஊதியம் கடந்த மூன்று ஆண்டில் இந்தப் பதவிக்கு எத்தனை சதவீதம் கிடைத்தது. காப்பீட்டில் பெற்றோர் உண்டா. நிதியில் உங்கள் பங்கு எத்தனை ஆண்டில் எனக்குச் சொந்தம். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று நேர்காணலில் வாயால் சொன்னதை லெட்டரில் எழுதித் தருவீர்களா. இந்தக் கடைசிக் கேள்வி அவளுடையது. இரண்டு நாள் போய்வருவது மிச்சமானால் வாரத்தில் 5 மணி நேரம் திரும்ப வரும்; 62.5 என்பது 57.5 ஆகும், 125-ஐ வகுத்தால் 2.17. முதல் கம்பெனியின் 2.22-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அந்தக் கணக்கையும் அவளே போட்டாள்.

நேற்று வரை பதில் வரவில்லை. நாளை போன் செய்து பார்க்கிறேன் என்றிருக்கிறாள்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிப் பட்டியல் போடும்போது டிக்கை எடுத்துவிட்டு மூன்று பத்தி போடுங்கள். எவ்வளவு, எப்போது எனக்குச் சொந்தம், விலகினால் என்ன ஆகும். கேக்கையும் சேர்த்தே போடுங்கள், பரவாயில்லை. மூன்றாவது பத்தியில் அதற்கு எதிரே என்ன எழுதுவீர்கள் என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது.

பெயரை வெளியிட வேண்டாம். மகள் இன்னும் எந்த லெட்டரிலும் கையெழுத்துப் போடவில்லை.

இப்படிக்கு,
ஃபைனல் செட்டில்மென்ட் மேசையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு வாசகி